வேதநூலும் பொதுப்பள்ளியும்

1857இல் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தின் கவிதைப் பேராசிரியராகத் தேர்ந்தெடுக்கப்பட்டு, அதுவரை இலத்தீனில் நிகழ்ந்துவந்த அப்பீடத்தின் உரைகளை முதன்முதலாக ஆங்கிலத்தில் ஆற்றிய மேத்யூ அர்னால்டு, 1851 முதல் 1886 வரை அரசின் பள்ளி ஆய்வாளராகவும் பணியாற்றியதால், பொதுக் கல்வியில் சமயத்துக்கு என்ன இடம் என்னும் வினாவை ஏழைப் பிள்ளைகளின் வகுப்பறையிலேயே எதிர்கொண்டார். ஒவ்வொரு பிள்ளையையும் வாசிப்பு, எழுத்து, கணக்கு ஆகியவற்றில் தனித்தனியே சோதித்து, தேர்ச்சிக்கேற்பப் பள்ளிக்கு மானியம் வழங்கும் முறை 1862இல் வந்தபோது, ஒரே வாசக நூலை மனப்பாடம் செய்தே பிள்ளைகள் தேறிவிட முடிகிறது என்பதைத் தம் அறிக்கைகளில் சுட்டினார். அரசு ஊழியர் ஒருவர் அரசின் கொள்கையை வெளிப்படையாக எதிர்த்தது சிறிய செயலன்று.

அவர் சகோதரியின் கணவர் ஃபார்ஸ்டர் முன்னின்று நிறைவேற்றிய 1870ஆம் ஆண்டின் தொடக்கக் கல்விச் சட்டம், தேர்ந்தெடுக்கப்பட்ட உள்ளூர்ப் பள்ளி வாரியங்களுக்கு வழிவகுத்ததோடு, அவற்றின் பள்ளிகளில் தனியொரு சபைப்பிரிவுக்கே உரிய ஞானோபதேசத்தை, அதாவது கோட்பாட்டு வினாவிடைப் போதனையை, விலக்கியது. கோட்பாடு விலகியபின் வேதநூலில் எஞ்சுவது யாது? அர்னால்டு 1872இல் ஏசாயா நூலின் 40 முதல் 66 வரையான அதிகாரங்களைக் குறிப்புகளுடன் பள்ளி வாசகமாகப் பதிப்பித்தார். கிரேக்க, இலத்தீன் காவியங்களை எட்டமுடியாத பிள்ளைக்கு விவிலியமே உயர் இலக்கியத்தின் வாயில் என்பது அவர் துணிபு. இறைவாக்கை இலக்கியமாக மட்டும் படிப்பவர் அதன் கட்டளைக்கு உட்பட வேண்டியதில்லை என்பதால், விசுவாசிகள் இதில் இழப்பைக் காண்பது நியாயமே. ஆயினும், உணர்ச்சி தோய்ந்த அறநெறியையே சமயமாகக் கண்ட அர்னால்டுக்கு, பொருளுணர்ந்து நெகிழும் பிள்ளையின் வாசிப்பு, மனனம் செய்த கோட்பாட்டைக் காட்டிலும் சமயத்துக்கு நெருக்கமானதாகவே பட்டது.