ஓர் இடுப்பின் விலை

2017 மே 2, பாஸ்டன். செல்டிக்ஸின் ஐசையா தாமஸ் வாஷிங்டனுக்கு எதிராக 53 புள்ளிகள் எடுத்தார். இரண்டு வாரம் சொச்சம் முன்புதான் அவருடைய தங்கை கார் விபத்தில் இறந்திருந்தாள். அன்று அவளுடைய 23ஆவது பிறந்தநாள். (டெட்ராய்ட்டில் ஆடிய பழைய ஐசையா தாமஸ் வேறு. இவர் ஐந்தடி ஒன்பது அங்குலம், 2011 டிராஃப்டில் கடைசி ஆளாக, 60ஆவதாக எடுக்கப்பட்டவர்.)

அதே ஆகஸ்டில் செல்டிக்ஸ் அவரைக் கிளீவ்லேண்டுக்குக் கொடுத்து கைரி இர்விங்கை வாங்கியது. என்.பி.ஏ.வில் இது சகஜம். ஒப்பந்தம் கைமாறினால் ஆளும் கூடவே போக வேண்டியதுதான், பெரும்பாலும் சம்மதம்கூடக் கேட்பதில்லை.

கணக்காகப் பார்த்தால் தப்பு சொல்ல முடியாது. இர்விங்குக்கு 25 வயது, தாமஸுக்கு 28, ஒப்பந்தம் முடிய ஒரே வருஷம். உயரம் குறைந்த ஆட்டக்காரருக்கு வேகம் போனால் எல்லாம் போச்சு. டிரேட் மதிப்பு என்பது ஒருவர் இனி என்ன செய்வார் என்கிற ஊகம். இதுவரை செய்ததற்கு அதில் இடமில்லை. 2019இல் இர்விங் ப்ரூக்ளினுக்குப் போய்விட்டார், 'பாத்தியா, அந்த டிரேடே தப்பு' என்று ஒருவர் சொல்லலாம். எனக்கு அந்த வாதம் ஒட்டவில்லை. இர்விங் அங்கேயே இருந்து கோப்பை ஜெயித்துக் கொடுத்திருந்தால் மட்டும் எல்லாம் சரியாகிவிடுமா?

என்னை உறுத்துவது வேறொன்று. தாமஸ் இடுப்பில் அடிபட்டபடியே பிளேஆஃப் ஆடினார், வாஷிங்டன் தொடரில் அது இன்னும் மோசமானது. டிரேடுக்குப் பிறகு கிளீவ்லேண்ட் அந்த இடுப்பைப் பரிசோதித்துவிட்டு, மதிப்பு குறைகிறது, இன்னும் ஏதாவது கொடு என்றது. பாஸ்டன் 2020இன் ஓர் இரண்டாம் சுற்றுத் தேர்வைச் சேர்த்துக் கொடுத்தது. அதாவது செல்டிக்ஸுக்காக ஆடிக் கெட்ட இடுப்புக்கு நஷ்டஈடு கிடைத்தது, கிளீவ்லேண்டுக்கு.

சம்பளம் வாங்கினாரே என்பீர்கள். அந்தச் சம்பளம் அவர் நட்சத்திரமாவதற்கு முன், 2014இல் ஃபீனிக்ஸ் பேசி முடித்தது. கிளீவ்லேண்டில் 15 ஆட்டங்கள்தான் ஆடினார், பிப்ரவரியில் லேக்கர்ஸுக்கு அனுப்பிவிட்டார்கள். இரண்டு அணிகளுக்கு நடுவே கணக்கு நேரானது. அவருக்கும் பாஸ்டனுக்கும் நடுவே இருந்ததை யாரும் கணக்கென்றே நினைக்கவில்லை.

போன வருஷம் எங்கள் டீமிலிருந்து ஒருவரை வேறு புராஜெக்ட்டுக்கு விட வேண்டியிருந்தது. மூன்று மாதம் ராத்திரி சப்போர்ட்டைத் தனியாளாகத் தாங்கியவரைத்தான் விட்டேன். படிவத்தில் 'சமீபமாகச் சோர்வாக இருக்கிறார்' என்று எழுதினேன். பொய்யில்லை. எதனால் என்று எழுத அதே கட்டத்தில் இன்னும் நாலு வரிக்கு இடமிருந்தது.