பொருளைப் பற்றிய பேச்சும் ஒரு சாட்சியமே

புதிய பொருள் ஒன்று சந்தைக்கு வந்துவிட்டால் போதும். அதைப் பற்றிய வாதமும் உடன் பிறந்துவிடுகிறது. கைப்பேசியோ, மோட்டார் காரோ, துணி துவைக்கும் இயந்திரமோ, எதுவாயினும் ஒருவர் அதனை வானளாவப் புகழ்கிறார். மற்றொருவர் இகழ்ந்து தள்ளுகிறார். இவர்களில் பலர் அப்பொருளைத் தொட்டும் பார்த்தவரல்லர். தேநீர்க் கடையிலும் திருமண வீட்டிலும், ஏன், தொழுகை முடிந்து வெளியேறும் பள்ளிவாசல் வாயிலிலும்கூட இவ்வாதம் நடைபெறுகிறது. பொழுதுபோக்கான பேச்சுத்தானே, இதில் நன்மை தீமை எங்கிருந்து வந்தது என்று கேட்போர் உண்டு. அக்கேள்வியையே இங்கு ஆராய்வோம்.

அண்ணல் நபி (ஸல்) அவர்கள் கடைவீதியில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை நுழைத்தார்கள். விரல்களில் ஈரம் பட்டது. மழை நனைத்துவிட்டது என்றார் வணிகர். நனைந்ததை மக்கள் காணும்படி மேலே வைத்திருக்கலாகாதா என்று வினவி, ஏமாற்றுபவர் தம்மைச் சார்ந்தவரல்லர் என்று கண்டித்தார்கள். இதனை ஸஹீஹ் முஸ்லிம் பதிவு செய்திருக்கிறது. இங்கு ஒன்றைக் கவனிக்க வேண்டும். மேலே இருந்த தானியம் உலர்ந்ததுதான், அதில் பொய்யில்லை. மெய்யின் ஒரு பகுதியை மட்டும் மேலே வைத்து, மற்றதை அடியில் மறைத்ததே குற்றமாயிற்று.

அந்தக் குவியல் இன்று எண்களின் வடிவில் நம்முன் நிற்கிறது. ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் ஹுண்டாய் நிறுவனத்தின் ஆலை இருக்கிறது. 1998-இல் சான்ட்ரோ கார் அங்கிருந்துதான் வந்தது. அதே நிறுவனமும் அதன் தோழமை நிறுவனமான கியாவும் அமெரிக்காவில் விற்ற கார்கள் குறித்து 2012-இல் ஒரு செய்தி வெளியாயிற்று. எரிபொருள் சிக்கனம் உள்ளதைவிட மிகுத்துக் கூறப்பட்டிருந்தது. காரை வேகமாக ஓட்டி, பின் தானே உருண்டு ஓயவிட்டு, காற்றும் சாலையும் தரும் எதிர்ப்பை அளப்பது அச்சோதனையின் முறை. பல ஓட்டங்களின் சராசரியைக் கொள்ளாமல், பின்னிருந்து காற்று தள்ளிய ஓட்டங்களைப் போன்ற சாதகமான முடிவுகளை மட்டும் பொறுக்கி எடுத்தனர் என்பது அமெரிக்க அரசின் குற்றச்சாட்டு. 2014-இல் இரு நிறுவனங்களும் 10 கோடி டாலர் தண்டம் செலுத்த உடன்பட்டன. அவை இருங்காட்டுக்கோட்டையில் செய்த கார்கள் அல்ல என்பதையும் சொல்லிவிடுவதே நேர்மை. ஆயினும் பாடம் பொதுவானது. உலர்ந்த தானியம் மேலே வந்தது; ஈரம் அடியில் தங்கியது.

வணிகரின் கடமை அதுவென்றால், வாங்குவோராகிய நம் கடமை யாது? நம் நாட்டில் ஒரு காருக்குச் சான்றளிக்கப்படும் மைலேஜ், ஆய்வுக்கூடத்தில் உருளைகளின் மேல் ஓட்டிக் கண்டது. ஐவர் அமர்ந்து, குளிர்சாதனம் ஓட, ஒரகடம் சாலையின் லாரி நெரிசலில் ஊர்ந்து கண்டதன்று. ஆய்வுக்கூட எண்ணைச் சொல்பவர் ஒரு தாளுக்குச் சாட்சி. ஓராண்டு ஓட்டிக் கண்டவர் தம் அனுபவத்திற்குச் சாட்சி. இரண்டும் மெய்யாயிருக்கலாம். தாளில் படித்ததைத் தாம் கண்டதுபோல் சொல்லும்போதுதான் நாமும் குவியலின் அடியில் ஈரத்தை மறைக்கிறோம். நம் சொல்லை நம்பி ஒரு குடும்பம் பல ஆண்டுச் சேமிப்பைக் கொட்டுகிறது. தவணைக் கடனிலும் விழுகிறது. அதன்பின் அதை வெறும் பேச்சு என்று சொல்வதெப்படி?

செய்தி வந்தால் தீர விசாரியுங்கள் என்று அருள்மறையின் ஹுஜுராத் அத்தியாயம் கட்டளையிடுகிறது. அக்கட்டளையின் கனத்தை 2021 டிசம்பரில் ஸ்ரீபெரும்புதூர் கண்டது. ஐபோன் உருவாக்கும் ஃபாக்ஸ்கான் ஆலையின் பெண் தொழிலாளர்களில் 150-க்கும் மேற்பட்டோர் விடுதி உணவால் நோயுற்று மருத்துவமனையை அடைந்தனர். சிலர் இறந்துவிட்டனர் என்ற வதந்தி பரவிற்று. பெண்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் அமர்ந்தனர். இறப்புச் செய்தி பொய். ஆனால், நோய் மெய். விடுதியின் சீர்கேடும் மெய். தொலைவிலிருந்த சில விடுதிகளும் உணவுக் கூடங்களும் தங்கள் நெறிகளுக்கு ஏற்றவையாக இல்லை என்று ஆப்பிள் நிறுவனமே பின்னர் ஒப்புக்கொண்டு, அவ்வாலையைக் கண்காணிப்பில் வைத்தது.

இங்கே ஒரு வலுவான மறுப்பு எழலாம். தீர விசாரித்த பிறகே பேச வேண்டுமென்றால், அப்பெண்கள் வாய்மூடி இருந்திருக்க வேண்டுமா? எளியோர் கையில் ஆய்வுக்கூடமும் இல்லை, வழக்கறிஞரும் இல்லை. விசாரணை என்ற சொல்லே வலியோர் அவர்கள் வாயில் இடும் பூட்டாகிவிடாதா? இம்மறுப்பைத் தள்ளிவிட முடியாது. ஆனால் இறைமறையே இதற்கு வழி திறந்திருக்கிறது. தீயதைப் பகிரங்கமாகப் பேசுவதை இறைவன் விரும்புவதில்லை என்று கூறுமிடத்திலேயே, அநீதிக்குள்ளானவருக்கு விலக்கு அளிக்கிறது. நோயுற்ற தோழியரின் நிலை என்ன என்று கேட்ட பெண், தான் கண்டதற்கும் உண்டதற்கும் சாட்சி. அவள் பேசியது உரிமை. எங்கோ இருந்துகொண்டு, காணாத மரணத்தைக் கண்டதாகப் பரப்பியவனோ அவளுக்குத் துணை செய்யவில்லை. அவளது மெய்யான குறை, அவனது பொய்யோடு சேர்த்து மறுக்கப்படும் அபாயத்தையே உண்டாக்கினான்.

வாதத்தில் இன்னொரு நோயும் உண்டு, அது கட்சி. தனக்கு ஒரு காசும் தராத நிறுவனத்திற்காக உடன்பிறந்தானோடு முகம் சுளிப்பவர்களைக் காண்கிறோம். தொலைந்த பொருளைத் தேடுபவனைப்போல் வாதிப்பவன் இருக்க வேண்டும், அதைத் தான் கண்டெடுத்தாலென்ன, பிறர் கண்டெடுத்தாலென்ன என்பது இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களின் கருத்து. நம் வாதங்களில் தேடப்படுவது மெய்யா, வெற்றியா?

நாம் கேளாமல் விடும் கேள்வியும் ஒன்றுண்டு. கேமராவின் கூர்மையையும் மின்கலத்தின் ஆயுளையும் நுணுகி ஆராயும் நாம், செய்த கைகளைப் பற்றி வினவுவதில்லை. நோக்கியா கைப்பேசியின் உறுதியைப் பற்றி ஊரெல்லாம் பேசினோம். 2006-இல் ஸ்ரீபெரும்புதூரில் உற்பத்தியைத் தொடங்கிய அதன் ஆலை 2014 நவம்பரில் மூடப்பட்டபோது, வேலையிழந்த ஆயிரக்கணக்கான இளைஞர்களைப் பற்றி எத்தனை பேர் பேசினோம்? 2024 செப்டம்பரில் சாம்சங் ஆலைத் தொழிலாளர்கள் தங்கள் சங்கத்தை ஏற்கக் கோரி ஒரு மாதத்திற்கும் மேலாக வேலைநிறுத்தம் செய்தபோதும், குளிர்பதனப் பெட்டியின் விலையைத்தானே விசாரித்தோம்? வியர்வை உலருமுன் கூலி கொடுக்கச் சொன்ன நபியின் உம்மத்திற்கு, பொருளின் தரம் என்பதில் அதைச் செய்தவரின் நிலையும் அடங்கும்.

ஆகவே வாதம் வேண்டாமென்பதல்ல நம் முடிவு. கண்டதைக் கண்டதாகவும், கேட்டதைக் கேட்டதாகவும் சொல்வோம். நம் கட்சிக்கு எதிரான மெய்யையும் மேலே வைப்போம். எஞ்சியதற்கு, இமாம் மாலிக் (ரஹ்) அவர்கள் தம்மிடம் கேட்கப்பட்ட பல கேள்விகளுக்குத் தயங்காமல் அளித்த விடை இருக்கிறது: அறியேன். அவ்வளவு பெரிய அறிஞருக்கு இழிவாகத் தோன்றாத அச்சொல், ஒரு கைப்பேசியைப் பற்றிப் பேசும் நமக்கு ஏன் இழிவாகத் தோன்ற வேண்டும்?