வழக்காட வந்த கிழவர்

கிராம சபைக் கூட்டத்துக்குப் போலீஸ் பந்தோபஸ்து கேட்டு மனு கொடுக்கலாமா என்று கூட்டேரிப்பட்டு டீக்கடையில் பையன்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து பேசிக்கொண்டிருந்தார்கள். 2023 அக்டோபர் 2 அன்று ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் பிள்ளையார்குளத்தில் நடந்தது எல்லார் செல்போனிலும் ஓடிக்கொண்டிருந்த நேரம் அது. கிராம சபை கூடியிருக்கிறது. சட்டமன்ற உறுப்பினரும் இருக்கிறார். விவசாயி ஒருவர் கேள்வி கேட்கிறார். ஊராட்சிச் செயலர் போய் அவரை எட்டி உதைக்கிறார். அதுவும் காந்தி பிறந்த நாளில். செயலரைப் பணியிடை நீக்கம் செய்தார்கள், வழக்கும் போட்டார்கள். ஆனால் அந்த உதையைப் பார்த்த கண்கள் தமிழ்நாடு முழுக்க இருந்தன. அடுத்த கூட்டத்தில் எழுந்திருக்க நினைத்த எத்தனை பேர் உட்கார்ந்துவிட்டார்களோ!

"இன்னா சார், பெரியபுராணம்லாம் பேசறீங்களே, சாமி இதுக்கு ஏதாவது வழி சொல்லியிருக்குதா?" என்று ஒரு பையன் என்னைச் சீண்டினான்.

சொல்லியிருக்கிறது. எங்கள் விழுப்புரம் மாவட்டத்திலேயே, ஒரு சபையின் நடுவில் வைத்துச் சொல்லியிருக்கிறது.

நான் மயிலம் தமிழ்க் கல்லூரியில் படித்தவன். பொம்மபுர ஆதீனம் 1938-இல் தொடங்கிய கல்லூரி அது. பள்ளியில் தமிழாசிரியர் வேலை பார்த்து ஓய்வு பெற்றபின் கோயில்களில் பெரியபுராணம் சொல்லிவருகிறேன். கூப்பிடும் ஊர்களில் எல்லாம் முதலில் கேட்பது தடுத்தாட்கொண்ட புராணம்தான். கல்யாணம் நின்று போகும் கதையை யாருக்குத்தான் பிடிக்காது?

புத்தூரில் சுந்தரருக்குத் திருமணம். பந்தலுக்குள் ஒரு கிழவர் வருகிறார். "இந்த மாப்பிள்ளை எனக்கு அடிமை, ஓலை இருக்கிறது" என்கிறார். மாப்பிள்ளைக்குக் கோபம். கிழவரைப் பித்தன் என்கிறார், துரத்திப் பிடிக்கிறார், ஓலையைப் பறித்துக் கிழித்துப் போடுகிறார். வழக்கு திருவெண்ணெய்நல்லூர் சபைக்குப் போகிறது. இதுவரை கதை எல்லாருக்கும் தெரியும். கடைசியில் கிழவர் கோயிலுக்குள் போய் மறைவதும் தெரியும். நடுவில் ஓர் இடம் இருக்கிறது. அதைச் சொற்பொழிவுகளில் அவசரமாகத் தாண்டிவிடுகிறார்கள்.

கிழிந்தது படி ஓலைதான், மூல ஓலை என்னிடம் இருக்கிறது என்கிறார் கிழவர். காட்டும்படி சபை கேட்கிறது. அவர் உடனே எடுத்துக் கொடுத்துவிடவில்லை. ஒரு நிபந்தனை போடுகிறார். இவன் மறுபடியும் என் மேல் பாய்ந்து பலாத்காரம் பண்ணாமல் தடுக்க உங்களால் முடியுமா, முடியுமென்றால்தான் காட்டுவேன் என்கிறார். சபையார் வாக்குக் கொடுக்கிறார்கள், உமக்குத் தீங்கு வர விடமாட்டோம் என்று. அதற்குப் பிறகுதான் ஓலை வெளியே வருகிறது. சுந்தரரின் பாட்டனார் எழுதிய வேறு ஓலையைத் தருவித்து, கையெழுத்தை ஒத்துப் பார்த்து, தீர்ப்புச் சொல்கிறார்கள்.

நினைத்துப் பாருங்கள். வந்திருப்பவர் சிவபெருமான். நெற்றிக்கண் இருக்கிறது. முப்புரத்தைச் சிரித்தே எரித்தவர் என்று நாமே பாடுகிறோம். அவருக்கு எதற்குப் பாதுகாப்பு உத்தரவாதம்? ஒரு கல்யாண மாப்பிள்ளை அவரை என்ன செய்துவிட முடியும்?

என் பதில் இது. சபையில் நிற்கிறவனுக்கு அவனுடைய சொந்த பலம் கணக்கில் வரக்கூடாது. இறைவன் தன் பலத்தை வெளியே விட்டுவிட்டு, கோல் ஊன்றிய கிழவராக, ஆள்பலம் இல்லாத வழக்காளியாக உள்ளே வந்தார். அப்படி வந்தவருக்கு அச்சமில்லாமல் பேச வழி செய்து கொடுப்பது யார் கடமை? சபையின் கடமை. வாசலில் நிற்கும் காவல்காரனின் கடமை என்று சேக்கிழார் சொல்லவில்லை. கிழவர்தான் தைரியமாக இருக்க வேண்டும் என்றும் சொல்லவில்லை. சேக்கிழார் சோழர் அரசில் அமைச்சராக இருந்தவர் என்பது மரபு. சபை நடக்கும் விதம் தெரிந்தவர் எழுதியது போலத்தான் இருக்கிறது. ஆட்சி, ஆவணம், சாட்சி என்று ஒவ்வொன்றாகக் கேட்கும் ஒழுங்கெல்லாம் அதில் உண்டு.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். வந்தவர் கடவுள் என்று சபைக்குத் தெரியாது. தெரிந்து பாதுகாத்திருந்தால் அதில் பெருமை இல்லை. எம்.எல்.ஏ. வந்தால் மின்விசிறி வைக்கிறோமே, அந்த மாதிரி ஆகியிருக்கும்.

அந்தச் சபையும் எல்லாருக்குமான சபை அல்ல. மறையவர் சபை. ஓர் உழவனோ அவன் பெண்டாட்டியோ அங்கே ஓலை நீட்டியிருக்க முடியாது. இதையும் சேர்த்துச் சொன்னால்தான் நேர்மை. நமக்குச் சட்டம் கொடுத்திருக்கும் கிராம சபை அதைவிடப் பெரியது. 1994-ஆம் ஆண்டு ஊராட்சிகள் சட்டப்படி ஊரின் வாக்காளர் பட்டியலில் இருக்கும் ஒவ்வொருவரும் அதன் உறுப்பினர். மதச்சார்புள்ள எந்த வளாகத்திலும் கூட்டம் நடத்தக்கூடாது என்று ஒவ்வொரு கிராம சபைக்கும் முன்னால் சுற்றறிக்கை வருகிறது. சாமி கும்பிடுகிறவன் என்ற முறையில் அந்த வரியை நான் இரண்டு கையாலும் ஒப்புக்கொள்கிறேன். விழுப்புரத்துக்குப் பக்கத்தில் மேல்பாதி திரௌபதி அம்மன் கோயிலுக்குள் தலித் மக்கள் வருவதை ஒட்டித் தகராறாகி, 2023 ஜூனில் அதிகாரிகள் கோயிலுக்குச் சீல் வைத்தார்கள். ஒரு சாராருக்குக் கால் வைக்கவே பயமான இடத்தில் எப்படிச் சபை கூட்டுவது?

அதே திருவெண்ணெய்நல்லூர்ப் பக்கம்தான் ஒட்டனந்தல். 2021 மே மாதம், ஊரடங்கு நேரத்தில் தலித் மக்கள் சாமி விழாவில் கச்சேரி வைத்தார்கள் என்பதற்காக ஊர்ப் பஞ்சாயத்துக் கூடியது. வயதான மூன்று பேரைக் காலில் விழ வைத்தார்கள். அது அரசாங்கச் சபை அல்ல, கட்டப்பஞ்சாயத்து. வழக்குப் பதிவானது. ஆனாலும் கிழவரை நிறுத்தி விசாரிக்க ஒரு கூட்டம் கூடியது என்ற வகையில் அதுவும் ஒரு சபைதானே. இறைவன் கிழவனாக வந்து சபையிடம் அபயம் கேட்ட ஊருக்குப் பக்கத்திலேயே, மூன்று கிழவர்கள் சபையின் காலில் விழுந்தார்கள். இந்த இரண்டையும் ஒரே மேடையில் சொன்னதற்காக ஓர் ஊரில் எனக்கு அடுத்த வருடம் அழைப்பு வரவில்லை. போகட்டும்.

அரசாங்கச் சபையில் மட்டும் என்ன வாழ்ந்தது? சிதம்பரத்துப் பக்கம் தெற்குத் திட்டை ஊராட்சியில், தேர்ந்தெடுக்கப்பட்ட தலித் பெண் தலைவரே கூட்டத்தில் தரையில் உட்கார்ந்திருந்தார், மற்றவர்கள் நாற்காலியில். 2020-இல் அந்தப் படம் வெளியே வந்தது. நந்தனார் காத்துக்கிடந்த தில்லைக்குப் பக்கத்து ஊர். அங்கே கைகலப்பு இல்லை, கூச்சல் இல்லை. பந்தோபஸ்துக்கு ஒரு போலீஸ்காரர் நின்றிருந்தால் "கூட்டம் அமைதியாக நடந்தது" என்றுதான் எழுதிக்கொண்டு போயிருப்பார்.

எங்களுக்குப் பக்கத்து ஊராட்சி ஒன்றில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். ஊர்ப் பெயர் வேண்டாம். பள்ளிக்கூட வேப்பமரத்தடியில் ஷாமியானா, முன்னால் நாற்காலி, பின்னால் தார்ப்பாய். காலனிப் பக்கத்திலிருந்து ஒரு பெண் எழுந்தார். மைக்கை வாயோடு ஒட்டிப் பிடித்ததில் அது கீச்சென்று கத்தியது. சிரித்தார்கள். அவரும் சிரித்துக்கொண்டே, "டேங்க் ஆபரேட்டரு எங்க தெருவுக்கு மட்டும் கால் மணி நேரந்தான் தண்ணி வுடறாரு. இன்னா காரணம்னு தலைவரு சொல்லணும்" என்றார். தலைவர் செயலரைப் பார்த்தார், செயலர் நோட்டைப் பார்த்தார். பின்னாலிருந்து ஓர் ஆண் குரல், சத்தமில்லாமல், ஏறக்குறைய அன்பாக: "உக்காரு தங்கச்சி. நூறு நாள் வேலைக்கு நாளைக்கு வரணுமா இல்லியா?" அந்தப் பெண் மைக்கைக் கீழே வைக்கவில்லை. கொஞ்ச நேரம் அதைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே நின்றார். மைக்செட் பையன் சுவிட்சை அணைத்துவிட்டான். யார் சொல்லி அணைத்தான் என்று எனக்குத் தெரியவில்லை. அடுத்த தீர்மானம் வாசிக்கப்பட்டது.

இதைத்தான் நான் பாதுகாப்புப் பிரச்சினை என்கிறேன். உதை செல்போனில் விழும். "வரணுமா இல்லியா" விழாது.

திருக்குறளில் அவை அஞ்சாமை என்றே ஓர் அதிகாரம் இருக்கிறதே, பேசத் துணிவில்லாதவன் மேல்தானே குற்றம் என்று நண்பர் ஒருவர் கேட்டார். அவரும் தமிழாசிரியர்தான். அந்த அதிகாரம் அமைச்சியலில் இருக்கிறது என்பதை மறந்துவிட்டார். படித்தவனுக்கு, அமைச்சனுக்கு, அரசன் சம்பளத்தில் பேசுகிறவனுக்குச் சொன்ன அறிவுரை அது. தண்ணீர் கேட்டு நிற்கும் பெண்ணுக்கு அதை ஒப்பிப்பது அநியாயம். பல்லவ அரசன் முன்னால் அஞ்சாமல் நின்ற அப்பரும் எங்கள் திருமுனைப்பாடி நாட்டுக்காரர்தான். ஆனால் எல்லாரும் அப்பராக இருந்தால்தான் கூட்டம் நடக்கும் என்றால் அது நடத்தத் தெரியாதவர்களின் கூட்டம்.

சரி, போலீஸ் வேண்டாமா? வேண்டிய ஊரில் வேண்டும். அதன் எல்லை மட்டும் தெரிந்திருக்க வேண்டும். மேலூர் பக்கம் மேலவளவில் ஊராட்சித் தலைவர் பதவி தாழ்த்தப்பட்டோருக்கு ஒதுக்கப்பட்டபோது, 1996 கடைசியில் போலீஸ் காவலோடுதான் தேர்தலை நடத்தி முடித்தார்கள். முருகேசன் தலைவரானார். 1997 ஜூன் 30 அன்று, மதுரை ஆட்சியர் அலுவலகத்திலிருந்து ஊர் திரும்பும் வழியில், பஸ்ஸை மறித்து அவரையும் சேர்த்து ஆறு பேரைப் பட்டப்பகலில் வெட்டிக் கொன்றார்கள். ஆயுள் தண்டனை பெற்றவர்களில் 13 பேர் 2019 நவம்பரில் விடுதலையானார்கள். அங்கே காவல் தேவைப்பட்டது வாக்குப்பெட்டிக்கு மட்டுமா? வீடு திரும்பும் சாலைக்கும்தான். வாசலில் மெட்டல் டிடெக்டர் வைத்துத் தடுக்கக்கூடிய ஆபத்து அல்ல அது.

வெளிநாட்டில் வேறு மாதிரி. ஸ்விட்சர்லாந்தின் சூக் என்ற மாநிலச் சபைக்குள் 2001 செப்டம்பர் 27 அன்று ஒருவன் துப்பாக்கியோடு புகுந்து 14 பேரைக் கொன்றான். ஒரு பஸ் ஓட்டுநரோடு ஏற்பட்ட சண்டையில் தொடங்கிய அவனுடைய புகார்கள் ஒவ்வொன்றாகத் தள்ளுபடியாகி, அரசாங்கமே தனக்கு எதிரி என்று நம்பிவிட்டவன். அவன் செய்ததற்கு நியாயமே கிடையாது. ஆனால் அந்த மாநிலத்தார் சபைக்குக் காவலைக் கூட்டியதோடு நிற்காமல், அரசோடு மனக்குறை உள்ளவர்கள் போய்ச் சொல்ல ஒரு குறைகேட்பு அலுவலகத்தையும் ஏற்படுத்தினார்கள்.

எதிர்த்து வந்தவனுக்கும் இடம் கொடுப்பது எங்கள் மயிலம் மலை முருகன் கதையிலும் உண்டு. சூரபத்மன் மயிலாகி வாகனமாக வேண்டும் என்று கேட்க, இங்கே மயில் வடிவ மலையாகத் தவம் செய்யச் சொன்னார் முருகன் என்கிறது தலபுராணம். பகைவனுக்கும் இடம் கொடுத்த சாமி என்று உருகுகிறோம், உருகலாம். ஆனால் வரிசையை மாற்றக்கூடாது. வேல் இறங்கியது முதலில், இடம் கிடைத்தது பிறகு. உதைத்தவருக்கு வழக்கு முதலில் வரட்டும், மன்னிப்பைப் பற்றி அப்புறம் பேசலாம். எடுத்தவுடன் "ஊருக்குள்ள சமாதானமா போயிடலாம்" என்பவர்கள் முருகன் பேரைச் சொல்லாமல் இருப்பது நல்லது.

சபையின் ஒழுங்குக்குச் சபையேதான் பொறுப்பு என்பது நம் பழைய சபைகளுக்குத் தெரிந்திருந்தது. திருநெல்வேலிப் பக்கம் மானூரில் சுமார் 1,200 ஆண்டுகளுக்கு முந்தைய பாண்டியர் கல்வெட்டு ஒன்று, சபையில் எதைச் சொன்னாலும் மறுத்து முட்டுக்கட்டை போடுகிறவனுக்கு ஐந்து காசு தண்டம் என்கிறது. உத்திரமேரூரில் முதலாம் பராந்தகன் காலத்து 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டு, கணக்குக் காட்டாதவனும் அவன் உறவினரும் வாரியத்துக்கு வரக்கூடாது என்கிறது. இதில் எனக்குப் பிடித்தது இரண்டாவது. நான் பார்த்த கிராம சபைச் சண்டைகளில் பாதிக்கு மேல் கணக்கில்தான் தொடங்கின. வரவு செலவுப் படிவம் 30-ஐ எல்லார் கண்ணிலும் படும்படி பிளக்ஸ் போட்டு வைத்த ஊரில் குரல் உயர்ந்தாலும் கை உயர்வதில்லை.

டீக்கடைப் பையன்களுக்கு நான் சொல்வது இதுதான். மனுவைக் கொடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. அதோடு வெண்ணெய்நல்லூர்ச் சபையார் கொடுத்த வாக்கை நம் தீர்மானப் புத்தகத்தில் முதல் தீர்மானமாக எழுதச் சொல்லுங்கள். இந்தக் கூட்டத்தில் கேள்வி கேட்கும் யாருக்கும் அடி, வசவு மட்டுமல்ல, வேலை மறுப்பு, தண்ணீர் மறுப்பு என்று எந்தத் தீங்கும் வர இந்தச் சபை விடாது என்று எழுதட்டும். தலைவர், வார்டு உறுப்பினர்கள், செயலர் எல்லாரும் அதன் கீழே கையெழுத்துப் போடட்டும். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருடத்துக்கு ஆறு கூட்டம் இருக்கிறது. ஆறிலும் கேளுங்கள். எழுத மாட்டோம் என்றால், யார் மாட்டோம் என்றது என்பதையாவது எழுதச் சொல்லுங்கள்.