புள்ளியை நகர்த்திய பையன்

அக்கா மகள் கல்யாணப் பத்திரிகைக்காகத் திருவல்லிக்கேணியில் ஓர் அச்சகத்துக்குப் போயிருந்தேன். கம்ப்யூட்டர் முன்னால் இருந்த பையனுக்கு இருபது, இருபத்தொரு வயது இருக்கும். தேதி, முகூர்த்தம், மண்டபம் எல்லாம் சரிபார்த்தாகிவிட்டது. "ஓகேதானே சார்?" என்று கேட்டவன், ஃபைலை மூடாமல் திரையைப் பெரிதாக்கினான். மேல்வரியில் ஒரு 'பு'விலிருந்து இறங்கிய கோடு, கீழ்வரி 'ல்' தலையிலிருந்த புள்ளியை இடித்துக்கொண்டு நின்றது. எழுத்தை வெறும் கோட்டு வடிவமாக (கர்வ்) மாற்றி, புள்ளியை மட்டும் பிடித்து, அம்புக்குறி விசையை நாலைந்து முறை தட்டினான். புள்ளி மயிரிழை நகர்ந்தது.

"டேய், இன்னும் மூணு வேலை நிக்குது. பிளேட்டுக்கு அனுப்புடா" என்று உள்ளேயிருந்து முதலாளியின் குரல்.

"இதோ முடிஞ்சுதுண்ணே" என்றவன், என் பக்கம் திரும்பி மெதுவாகக் கேட்டான்: "இப்படியே உட்கார்ந்திருந்தா இந்த ஃபீல்டுல மேல வர முடியுமா சார்?"

கல்யாணம் நல்லபடியாக முடிந்துவிட்டது. பத்திரிகையை வாங்கிய ஒருவரும் அந்தப் புள்ளியைக் கவனித்திருக்க மாட்டார்கள். இடித்துக்கொண்டே நின்றிருந்தாலும் கவனித்திருப்பார்களா என்பது சந்தேகம்தான். எனக்குத்தான் அது கண்ணைவிட்டுப் போக மறுக்கிறது.

தமிழுக்கு இந்தத் தொல்லை எப்போதும் உண்டு. புள்ளியும் இகரச் சுழியும் எழுத்தின் தலைக்கு மேலே ஏறும். உகரக் கோடுகள் கீழே இறங்கும். ஆங்கிலத்துக்குப் போதுமான வரி இடைவெளி நமக்குப் போதாது. இரண்டு வரிகள் எந்த இடத்தில் முட்டிக்கொள்ளும் என்பதைக் கடைசியில் கண்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். அந்தப் பையனின் கண்ணுக்கு அது யாரும் சொல்லாமலே பட்டது.

சின்ன வயதில் எங்கள் தெருவில் போர்டு எழுதுகிறவர் ஒருவர் இருந்தார். சாக்பீஸ் தூள் பூசிய நூலைச் சுவரில் இழுத்துப் பிடித்துச் சுண்டுவார், நேர்கோடு விழும். நூலின் மறுமுனையைப் பிடிக்க எங்களுக்குள் போட்டியே நடக்கும். இரண்டு எழுத்து எழுதுவார். தூரிகையோடு தெருவைக் கடந்து எதிர் டீக்கடை வாசலில் நின்று பார்ப்பார். திரும்பி வந்து ஒரு வளைவைக் கொஞ்சம் தடிப்பாக்குவார். அப்படித் தெருவைக் கடந்ததற்கெல்லாம் கடைக்காரர் காசு கொடுத்திருக்க மாட்டார். ஆனால் போர்டின் மூலையில் அவர் பெயர் இருக்கும். ஃப்ளெக்ஸ் வந்த பிறகு அவருக்கு வேலை இல்லாமல் போயிற்று. கல்யாணப் பத்திரிகையின் அடியிலோ அச்சகத்தின் பெயரும் போன் நம்பரும் இருக்கின்றன. புள்ளியை நகர்த்தியவன் பெயர் அதில் இல்லை.

பால் ராண்ட் பற்றி எப்போதோ வாசித்தது நினைவுக்கு வருகிறது. 1956இல் ஐபிஎம்முக்குச் சின்னம் வரைந்த அமெரிக்கர். இருபதுகளில் இருந்தபோது, 1938 முதல், 'டைரக்‌ஷன்' என்ற பத்திரிகைக்குக் காசு வாங்காமல் அட்டைப்படம் செய்துகொடுத்தார். பதிலுக்கு அவர் கேட்டது முழுச் சுதந்திரம். பல ஆண்டுகள் கழித்து, 1986இல், நெக்ஸ்ட் கணினி நிறுவனத்தின் ஒரே ஒரு சின்னத்துக்கு அவர் வாங்கியது 1,00,000 டாலர். இதைப் பையனிடம் சொல்லலாமே என்று தோன்றியது. உடனே இன்னொன்றும் உறைத்தது: இலவச அட்டைகள் செய்த நாட்களில் ராண்டுக்கு வேறொரு பத்திரிகை நிறுவனத்தில் சம்பளத்தோடு வேலை இருந்தது. அதை மறைத்துவிட்டுக் கதையைச் சொன்னால் அது ஏமாற்று.

நம் ஊரில் இளைஞர்களுக்கு உதயகுமாரைக் காட்டுவார்கள். 2010இல் அவர் வரைந்த ரூபாய்க் குறியீடு தேர்வானது, 2.5 லட்சம் பரிசு. அதற்கு முன் மும்பை ஐஐடியில் அவர் தமிழ் எழுத்து வடிவங்களை ஆராய்ந்துகொண்டிருந்தார் என்பதை யாரும் அழுத்திச் சொல்வதில்லை. ஒரு சுழி எங்கே தொடங்கி எங்கே திரும்புகிறது என்று பார்ப்பதற்கென்றே அவருக்கு வருடங்கள் கிடைத்தன; அதைப் படிப்பு என்று ஏற்கும் இடமும் கிடைத்தது. அச்சகத்தில் அதே காரியம் தாமதம் ஆகிவிடுகிறது.

இப்படி ஒவ்வொன்றாக யோசித்தும் பையனுக்கான பதில் கைக்கு வரவில்லை. அவனுக்கு மாதச் சம்பளம் கிடையாது, ஒரு டிசைனுக்கு இவ்வளவு என்றுதான் கணக்கு என்று முதலாளியே பேச்சுவாக்கில் சொன்னார். அப்படியென்றால் அந்தப் புள்ளிக்குச் செலவான நேரம் அவன் கையிலிருந்து போனது. வேகத்தைக் கூட்டு, டெம்ப்ளேட் வைத்துக்கொள், நாளைக்குப் பத்து வேலை முடி என்று சொல்பவர்கள் அவன் நன்மைக்காகத்தான் சொல்கிறார்கள். எனக்கு அதைச் சொல்ல வாய் வரவில்லை. அந்தக் கண்தான் அவனிடம் இருக்கும் முதல், அதை விட்டுவிடாதே என்று சொல்லத்தான் ஆசை. அதைக் காப்பாற்றிக்கொண்டிருக்கும் வருடங்களில் அவன் வாடகையை யார் கட்டுவது? அதற்கு வழி சொல்லாமல் இந்த ஆசையை மட்டும் அவன் தலையில் வைக்க எனக்கு உரிமை உண்டா என்பது இன்னும் எனக்குத் தெளியவில்லை.