அறியாமைக்கு யார் பொறுப்பு?

அறிந்து செய்த பாவத்துக்கு ஒரு பிராயச்சித்தமும் அறியாமல் செய்ததற்கு வேறொன்றுமாக வகுத்துவைத்த தர்மசாஸ்திரக்காரர்கள், அறிந்திருக்க வேண்டியதை அறியாமல் போனவனை எந்த வரிசையில் நிறுத்துவது என்ற கேள்வியை நம் தலையில் விட்டுவிட்டே போனார்கள் என்று எனக்குத் தோன்றுவதுண்டு. பூமிக்குள் கண்ணுக்குத் தெரியாமல் ஊடுருவும் நீரோடு மல்லுக்கு நிற்கும் பொறியியலில், இந்தக் கேள்விக்கு மனித உயிர்களே விலையாகிவிடுகின்றன. 1928இல் கலிபோர்னியாவில் இடிந்த செயின்ட் பிரான்சிஸ் அணையின் சரித்திரம் அப்படிப்பட்டது.

அதைக் கட்டிய வில்லியம் முல்ஹாலந்து, அயர்லாந்திலிருந்து வந்து வாய்க்கால் தூர்வாரும் கூலியாளாகத் தொடங்கி, கல்லூரி வாசலை மிதிக்காமலே பொறியியலைக் கற்றுத் தேர்ந்து, 1913இல் 233 மைல் நீளமுள்ள கால்வாய் வழியாக மலைநீரை லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்துக்குக் கொண்டுவந்து சேர்த்த மகா சாமர்த்தியசாலி. அத்தகையவர் ஒரு பள்ளத்தாக்கைக் காட்டி இங்கே அணை எழும்பட்டும் என்றால் ஆட்சேபிக்க யாருக்கு நா எழும்? 1924 முதல் 1926 வரை நடந்த வேலையில், அடித்தளத்தை அகலப்படுத்தாமலே சுவரை இரண்டு முறை பத்துப் பத்து அடி உயர்த்தினார்கள். அதையும் ஒருவரும் கேட்கவில்லை.

மேற்குக் கரையில் அணை சாய்ந்து நின்ற செந்நிறப் பாறை, காய்ந்திருக்கும்போது கல்லாகவே இருந்தது. விபத்துக்குப் பிறகு அதில் ஒரு துண்டை எடுத்துத் தண்ணீரில் போட்டுப் பார்த்தபோது, குமிழிவிட்டுப் பொடிந்து, பார்த்துக்கொண்டிருக்கும்போதே சேறாகிவிட்டது. கிழக்குக் கரையோ, பழைய காலத்து மலைச்சரிவொன்றின் மிச்சம் என்பது பிற்கால ஆராய்ச்சியில் தெரிந்தது. நீர்த்தேக்கம் நிரம்ப நிரம்ப, நீர் இடுக்குகளில் புகுந்து அஸ்திவாரத்தின் அடிக்குச் சென்று, எந்தக் கனத்தை நம்பி அணை நிற்கிறதோ அந்தக் கனத்தையே கீழிருந்து மேல்நோக்கி உந்தத் தொடங்கும். நீர் மண்ணில் ஊடுருவும் வேகம் நீர்மட்டத்தின் வித்தியாசத்தையும் மண்ணின் இயல்பையும் பொறுத்தது என்பதை 1856லேயே பிரான்ஸில் ஹென்ரி டார்சி மணல் நிரப்பிய குழாய்களைக் கொண்டு நிரூபித்திருந்தார். கட்டியவனுடைய நல்லெண்ணத்துக்கு அந்தக் கணக்கில் இடமே இல்லை. கீழிருந்து உந்தும் அழுத்தத்தை வெளியேற்றும் வடிகால் கிணறுகள் அணையின் நடுப்பகுதியில் மட்டுமே இருந்தன. இடிந்த பிறகு நின்றதும் அந்த நடுப்பகுதி ஒன்றுதான்.

மார்ச் 12ஆம் தேதி காலை, அணைக் காவலர் புதிய கசிவொன்றைக் கண்டார். தெளிந்த கசிவு இல்லாத அணை இல்லை. கலங்கிய கசிவென்றால் உள்ளே மண் அரிபடுகிறது என்று அர்த்தம். இது கலங்கியிருந்தது. தகவல் போய், முல்ஹாலந்து நேரில் வந்தார், குனிந்து பார்த்தார், ஊறும் இடத்தில் நீர் தெளிவாகத்தான் இருக்கிறது, கீழே புதிதாக வெட்டிய பாதையின் மண் கலந்துதான் கலங்குகிறது என்று தீர்மானித்துவிட்டுத் திரும்பினார். அவர் அசட்டையாக இருந்துவிட்டார் என்று சொல்வது சுலபம். ஆனால் அவர் பார்க்கத்தான் செய்தார். நள்ளிரவுக்குச் சற்று முன் அணை இடிந்தது. காவலரும் குடும்பத்தோடு மாண்டார். 54 மைல் கடந்து பசிபிக் சமுத்திரத்தைச் சேர்ந்த வெள்ளத்தில், பழத்தோட்டங்களில் வேலை செய்த மெக்ஸிகோ நாட்டுக் கூலிக் குடும்பங்கள் உள்பட 400க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர்.

வினை விதைத்தவன் வினை அறுப்பான் என்னும் நம் சித்தாந்தம் இந்த இடத்தில் தடுமாறுகிறது. விதைத்தவர் நகரத்தில் தம் வீட்டில் இருந்தார். அறுத்தவர்களில் பலர் அந்த அணையைக் கண்ணால்கூடக் கண்டிராதவர்கள். அவர்களுடைய பூர்வஜன்ம கர்மம் என்று சொல்லிவிட எனக்கு மனம் வரவில்லை. அப்படிச் சொல்வது, செத்தவன்மேலேயே பழியைப் போட்டுவிட்டு இருப்பவன் நிம்மதியாகத் தூங்குவதற்குக் கண்ட உபாயமாகிவிடும்.

மரண விசாரணையில் முல்ஹாலந்து, வேறு எவரையும் குறை சொல்ல வேண்டாம், மனிதன் செய்த தவறென்றால் அந்த மனிதன் நானே என்றார். மாண்டவர்களைக் கண்டு பொறாமைப்படுவதாகவும் சொன்னார். சிலப்பதிகாரத்துப் பாண்டியனை அறிந்த நமக்கு இந்த வார்த்தை மெய்சிலிர்க்கச் செய்வது இயற்கையே. ஆயினும், எத்தனை பெரிய மேதையாக இருந்தாலும் இத்தகைய அணையை ஒரே மனிதரின் தீர்மானத்துக்கு விட்டுவிடலாகாது என்று தீர்ப்புச் சொன்ன அந்த ஜூரிகள், அவருடைய பச்சாத்தாபம் எட்டாத ஆழத்தைத் தொட்டுவிட்டார்கள் என்பது என் அபிப்பிராயம். பழி முழுவதும் என்னுடையது என்று முன்வரும் 'நான்', என் கண் ஒன்றே போதும் என்று முன்பு நின்ற 'நான்' தானே? வெற்றியில் மட்டும் அகங்காரம் குடியிருக்கிறது என்று நாம் எண்ணிக்கொண்டிருக்கிறோம். துக்கத்திலும் அதற்கு ஓர் ஆசனம் உண்டு. சாதாரண மனிதர்களான அந்த ஜூரிகள், அறியாமை குற்றமல்ல, அதைப் பிறர் கண்டு சொல்ல வழியில்லாமல் அடைத்துவைத்ததே குற்றம் என்று ஏறக்குறைய சொல்லிவிட்டார்கள்.

நகரசபைகள் தாமே கட்டும் அணைகளுக்கு அரசாங்கப் பரிசோதனையிலிருந்து அதுவரை விலக்கு இருந்தது. 1929ஆம் ஆண்டுச் சட்டம் அதை நீக்கியது. ஏறக்குறைய இடிந்த அணையின் அமைப்பிலேயே முல்ஹாலந்து ஹாலிவுட் குன்றுகளில் கட்டி, அவர் பெயரையே தாங்கி நிற்கும் இன்னோர் அணையையும் பிறர் பரிசீலித்து, 1935இல் அவர் காலமாவதற்கு முன்பே, அதன் முகப்பில் மண்ணைக் கொட்டி முட்டுக்கொடுத்துவிட்டார்கள்.