பள்ளி மேடை யாருக்கு உரியது?

எழுத்தும் எண்ணும் கற்பிப்பதே தொடக்கப் பள்ளியின் பணி. ஆடல், பாடல், நாடகம், ஓவியம், விளையாட்டு, தோட்ட வேலை ஆகியவை நேரம் மிஞ்சினால் நடத்தத் தக்கவை என்னும் எண்ணம் நம்மிடையே ஆழ வேரூன்றியுள்ளது. இவற்றைக் கல்வி இணைச் செயல்பாடுகள் என்கிறோம். பெயரளவில் அவை இணை, நடைமுறையிலோ கடை. தேர்வு நெருங்கினால் முதலில் பறிபோவது விளையாட்டுப் பாடவேளையே. கணக்கில் பின்தங்கிய சிறுவன் தண்டனையாக இழப்பதும் அதனையே. ஆண்டு விழா மேடையில் ஏறுவோரும் பெரும்பாலும் முன்னரே நன்கு படிப்போர்தாம்.

இது கால அட்டவணை பற்றிய சிக்கல் மட்டும் அன்று. அறம் பற்றிய வினாவும் ஆகும். இச்செயல்பாடுகள் வல்லவருக்கு வழங்கும் பரிசா? அன்றி, எல்லாக் குழந்தைகளுக்கும் உரிய பங்கா?

சட்டம் இவ்வினாவிற்குப் பாதி விடை தருகிறது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், குழந்தையின் முழு வளர்ச்சியையும், செயல்வழிக் கற்றலையும் கல்வியின் இலக்குகளாக வகுத்தது. ஒவ்வொரு பள்ளியிலும் நூலகமும் விளையாட்டுப் பொருள்களும் இருத்தல் வேண்டும் என்றும் அதன் அட்டவணை கூறுகிறது. ஆனால் ஓவியம், உடற்கல்வி ஆகியவற்றிற்குப் பகுதி நேரப் பயிற்றுநர் வேண்டும் என்னும் விதி, 6 முதல் 8 வரையிலான வகுப்புகளில் நூற்றுக்கு மேற்பட்ட மாணவர் பயிலும் பள்ளிகளுக்கே உரியது. அறுபது பிள்ளைகள் வரை பயிலும் தொடக்கப் பள்ளிக்கு அச்சட்டம் விதித்துள்ளவர் இரண்டு ஆசிரியர்கள். ஐந்து வகுப்புகளின் பாடங்களையும் அவ்விருவரே நடத்த வேண்டும். பாட்டும் ஆட்டமும் அவர்கள் கையிலேயே உள்ளன. எனவே, எஞ்சிய பாதி விடையை ஆசிரியரும் பெற்றோருமே தர வேண்டியுள்ளது.

சிறிய பள்ளியால் இது இயலுமா என ஐயுறுவோர், ஜப்பான் நாட்டின் தோமோயே பள்ளியை எண்ணிப் பார்க்கலாம். 1937ஆம் ஆண்டு கோபயாஷி சோசாகு என்னும் இசையாசிரியர் டோக்கியோவில் அதனைத் தொடங்கினார். பயன்பாட்டில் இல்லாத இரயில் பெட்டிகளே வகுப்பறைகள். பிள்ளைகள் ஏறத்தாழ ஐம்பதின்மர். இசைக்கேற்ப உடலை அசைக்கும் பயிற்சியும், வயல்வெளி நடையும், தோட்ட வேலையும் அங்கே பாடத்தோடு பாடமாக நடந்தன. 1945இல் விமானக் குண்டு வீச்சில் அப்பள்ளி எரிந்து போயிற்று. அங்குப் பயின்ற குரோயானாகி தெத்சுகோ 1981இல் வெளியிட்ட 'டோட்டோ-சான்' என்னும் நூலால் அதன் புகழ் உலகெங்கும் பரவியது. தமிழிலும் அந்நூல் பலரால் விரும்பிப் படிக்கப்படுகிறது.

அப்பள்ளியின் விளையாட்டு விழாவைப் பற்றி அந்நூல் கூறும் செய்தி நம் வினாவிற்கு மிக நெருங்கியது. கைகால்கள் குறுகி, வளர்ச்சி நின்றுபோன மாணவன் ஒருவன் அங்கே இருந்தான். போட்டிகளுள் ஒன்று மண்டபத்தின் படிகளில் ஏறி இறங்கும் ஓட்டம். படிகள் தாழ்ந்தவை, நெருக்கமானவை, ஒவ்வொன்றாகவே மிதித்து ஏற வேண்டும். நெடிய கால்கள் அங்கே தடுமாறின. குறுகிய கால்கள் விரைந்தன. எல்லாப் போட்டிகளிலும் அச்சிறுவனே முதல்வனாக வந்தான். முள்ளங்கி, கீரை போன்ற காய்கறிகளே பரிசு. தாம் ஈட்டியதைப் பிள்ளைகள் வீட்டிற்கு எடுத்துச் சென்று குடும்பத்தோடு உண்ண வேண்டும் என்பது தலைமையாசிரியரின் விருப்பம்.

இது நடுநிலை தவறிய செயல் அன்றோ என்று சிலர் வினவலாம். ஒருவன் வெல்லுமாறு போட்டியை அமைப்பது நீதியாகுமா? நல்ல வினாவே. ஆயினும் நூறு மீட்டர் ஓட்டமும் மனிதர் வகுத்ததே. அது நெடிய கால்களுக்கு இசைந்தது. செய்யுள் ஒப்புவித்தல், வீட்டில் சொல்லிக் கொடுக்க ஆள் உள்ள குழந்தைக்கு இசைந்தது. மாறுவேடப் போட்டி, வாடகைக்கு உடை எடுத்துத் தர வசதியுள்ள பெற்றோரின் குழந்தைக்கு இசைந்தது. போட்டியை வகுப்பவர், வெற்றியையும் பாதி வகுத்து விடுகிறார். ஆண்டுதோறும் ஒரே வகைப் போட்டிகளை வைத்துவிட்டு, ஒரே பிள்ளைகள் பரிசு பெறுவதைத் திறமை என்று மட்டும் கூறுதல் பொருந்தாது.

மேலும், அச்சிறுவனுக்காக எவரும் விட்டுக் கொடுக்கவில்லை. அவன் உண்மையாகவே பிறரினும் விரைந்து ஏறினான். பொய்யாக வெல்ல விடுவது இரக்கம் போல் தோன்றினும் குழந்தையை இழிவு செய்வதாகும். அவன் திறம் வெளிப்படும் களத்தைத் தேடித் தருவதோ ஆசிரியரின் கடமை.

வேறொரு மறுப்பும் உண்டு. அதனை எளிதில் தள்ளிவிடல் ஆகாது. உழைத்து உண்ணும் பெற்றோர், பிள்ளை எழுதப் படிக்கக் கற்பான் என நம்பிப் பள்ளிக்கு அனுப்புகின்றனர். ஐந்தாம் வகுப்பு முடித்தும் ஒரு பத்தியைப் படிக்க இயலாதெனில், அவன் மேடையில் ஆடியதால் யாது பயன்? இக்கேள்வியில் நியாயம் உண்டு. படிப்பைக் கெடுக்கும் கொண்டாட்டம் ஏழைக்கு இழைக்கும் தீங்கே. பல வாரப் பாடவேளைகளை விழுங்கிவிட்டு, ஒரு மாலைப் பொழுதில் முடிந்துபோகும் ஆண்டு விழா அவ்வகையினதே. ஆனால் நாடகத்தில் தன் பங்கைப் பிழையின்றிச் சொல்ல விரும்பும் பிள்ளை அதனைப் பன்முறை படிக்கிறான். பாத்தி அளப்பவன் நீள அகலம் அறிகிறான். தோற்றுப் பழகிய பிள்ளைக்கு 'என்னால் இயலும்' என்னும் நம்பிக்கை ஏதேனும் ஒரு வாயில் வழியே வர வேண்டும். அது வந்த பின்னரே எழுத்தும் எண்ணும் அவனுள் எளிதில் நுழையும். பின்தங்கியவனிடமிருந்து விளையாட்டைப் பறிப்பது அவ்வாயிலையும் அடைப்பதாகும்.

இவ்வகையில் சிறிய பள்ளிக்கு ஒரு பேறு உண்டு. ஆயிரவர் பயிலும் பள்ளியில் ஆசிரியர் தேர்ந்தெடுத்தே ஆக வேண்டும். நாற்பதின்மர் பயிலும் பள்ளியில் நாற்பதின்மரும் மேடை ஏறலாம். இதற்குப் பெருஞ்செலவு வேண்டியதில்லை. வாரம் ஒரு பாடவேளையை எக்காரணத்தாலும் பறிக்காமல் காத்தல் வேண்டும். போட்டிகளை ஆண்டுதோறும் மாற்றுதல் வேண்டும். கோலமிடும் பாட்டியையும், விதை அறிந்த உழவரையும், தெருக்கூத்துக் கலைஞரையும் ஒரு மணி நேரம் பிள்ளைகளோடு அமரச் செய்தல் வேண்டும். இம்மூன்றும் எந்த ஊரிலும் இயல்வனவே.

பெற்றோராகிய நமக்கும் இதில் பங்குண்டு. விழா முடிந்து வரும் பிள்ளையிடம் "பரிசு வாங்கினாயா?" என்றே நாம் வினவுகிறோம். "இன்று மேடை ஏறாதவர் எவரேனும் உண்டா?" என்று பள்ளியை நோக்கி வினவுதல் நன்று. நம் பிள்ளை முதற்பரிசு பெற்ற நாளிலும் அவ்வினாவைக் கேட்கும் துணிவு நமக்கு வேண்டும். அத்துணிவு உள்ள ஊரில் சிறிய பள்ளியும் பெரிய பள்ளியாக விளங்கும்.