இன்னும் ஒன்பது பாக்கி

அய்யலூர் ஆட்டுச்சந்தை வியாழக்கிழமை கூடும். கருக்கலிலேயே தொடங்கி, வெயில் ஏறுவதற்குள் பாதி கலைந்துவிடும். அப்பா ஆட்டு வியாபாரி. சந்தை முடிந்து வந்து, மடியிலிருக்கும் பணத்தை இரண்டு தடவை எண்ணி முடிக்கிறவரை வீட்டில் யாரும் அவரிடம் பேச்சுக் கொடுக்க மாட்டோம். 1998-ல் ஒரு வியாழக்கிழமை, எண்ணி முடித்த கையோடு 25 ரூபாயை என்னிடம் நீட்டினார். ஃபிளாப்பி வாங்க நான் கேட்டிருந்த காசு.

"இதுல என்னடா வரும்?" என்றார்.

ஒரு கிடாயைத் தூக்கிப் பார்த்தே இத்தனை கிலோ கறி தேறும் என்று சொல்லிவிடுகிறவர் அவர். எதைப் பார்த்தாலும் அவருக்கு முதலில் வரும் கேள்வி அதுதான். கம்ப்யூட்டர் வகுப்புக்கு வேண்டும் என்று சொல்லி வாங்கிக்கொண்டேன். அதில் பாதிதான் உண்மை. டேவை வீட்டுக்குக் கொண்டுவரத்தான் எனக்கு ஃபிளாப்பி தேவைப்பட்டது. வீட்டில் கம்ப்யூட்டர் கிடையாது. இருந்தாலும் டேவ் என்னிடம் இருக்க வேண்டும் என்று தோன்றியது.

திண்டுக்கல்லில் ஒரு மாடியில் அந்த கம்ப்யூட்டர் சென்டர் இருந்தது. படிக்கட்டிலேயே செருப்பைக் கழற்றிவிட வேண்டும். உள்ளே போனால் கோயில் கருவறை மாதிரி ஒரு குளிர்ச்சி. மானிட்டருக்குப் பூப்போட்ட துணி உறை. சனிக்கிழமை வகுப்பில் கடைசிப் பத்து நிமிடம் மட்டும் சார் விளையாட விடுவார். கறுப்புத் திரையில் நாலே எழுத்து தட்டி என்ட்டர் அடித்தால், சிவப்புத் தொப்பி போட்ட ஒரு குட்டி மனிதன் வந்து நிற்பான். அவன்தான் டேவ். வைரம் பொறுக்குவான், தீயைத் தாண்டுவான். தங்கக் கோப்பையை எடுத்தால்தான் கதவு திறக்கும். மொத்தம் பத்துக் கட்டம். முதல் கட்டம் முடிந்ததும் டேவ் ஒரு தாழ்வாரத்தில் தன்பாட்டுக்கு நடந்து போவான். மேலே எழுத்து வரும்: நல்ல வேலை, இன்னும் ஒன்பதுதான் பாக்கி. பள்ளிக்கூடத்தில் நான் செய்யாததை எண்ணிச் சொல்லத்தான் ஆள் இருந்தார்கள். செய்ததைச் சொல்லிவிட்டு மீதியை எண்ணியது அந்தத் திரை ஒன்றுதான்.

'டேஞ்சரஸ் டேவ்' என்ற அந்த விளையாட்டை எழுதியவர் ஜான் ரொமேரோ. 1988-ல், ஆப்பிள் டூ கம்ப்யூட்டருக்காக, இருபது வயதை ஒட்டி எழுதியது. 'அப்டைம்' என்றொரு பத்திரிகைக்குக் கொடுத்தார். அது காகிதத்தில் அச்சாகாமல் டிஸ்க்கில் வந்த பத்திரிகை. 1990-ல் சாஃப்ட்டிஸ்க் நிறுவனத்துக்காக டாஸ் கம்ப்யூட்டருக்கு மாற்றினார். எங்கள் கைக்கு வந்தது அதுதான். அதே 1990 செப்டம்பரில் ஒரு ராத்திரி, உடன் வேலை பார்த்த ஜான் கார்மாக்கும் டாம் ஹாலும் நிண்டெண்டோவின் மூன்றாவது மரியோ விளையாட்டின் முதல் கட்டத்தை அப்படியே கம்ப்யூட்டரில் கொண்டுவந்து, மரியோவின் இடத்தில் டேவை நிறுத்தி, ஃபிளாப்பியை ரொமேரோவின் மேசையில் வைத்துவிட்டுப் போனார்கள். அதுவரை டாஸ் கம்ப்யூட்டர் திரையில் படம் அவ்வளவு வழுக்கிக்கொண்டு நகர்ந்ததில்லை. மறுநாள் காலையில் அதைப் போட்டுப் பார்த்த ரொமேரோவுக்கு வேலையே ஓடவில்லை. 1991 பிப்ரவரியில் அவர்கள் சொந்தமாக ஐடி சாஃப்ட்வேர் தொடங்கினார்கள். 1993-ல் 'டூம்' வந்தது, உலகம் முழுக்க அவர்கள் பேர் பரவியது. டேவ் பின்னால் போய்விட்டான். செய்தவர் நகர்ந்து போவதில் தப்பே இல்லை. அவர் அடுத்ததைச் செய்ய வேண்டும் அல்லவா.

ஆனால் திண்டுக்கல் மாடியில் டேவ் நடந்துகொண்டுதான் இருந்தான். யாரோ யாருக்கோ காப்பி எடுத்துக் கொடுத்து, அது எங்கள் சார் கைக்கு வந்து, அவரிடமிருந்து என் ஃபிளாப்பிக்கு வந்தது. ஒருவரும் ரொமேரோவுக்குக் காசு கொடுக்கவில்லை. இதை மூடி மறைத்து எழுத எனக்கு விருப்பமில்லை. சட்டப்படி பார்த்தால் அது திருட்டு. ஆனால் அந்தத் திருட்டு நடக்காமல் இருந்திருந்தால் டேவ் எங்கள் பக்கம் வந்தே இருக்க மாட்டான் என்பதும் சேர்ந்தே நிற்கிறது. இரண்டையும் ஒன்றாக வைத்துக்கொண்டுதான் நான் இதை யோசிக்க வேண்டியிருக்கிறது.

அந்த ஃபிளாப்பியை டேப்ரெக்கார்டர் ஸ்பீக்கர்மேல் வைத்திருந்தேன். வீட்டிலேயே பத்திரமான இடம், உயரமான இடம் அதுதான். ஸ்பீக்கருக்குள் காந்தம் இருக்கும் என்று அப்போது தெரியாது. அடுத்த மாதம் சென்டருக்குக் கொண்டுபோய்ப் போட்டபோது கிர்ர் கிர்ர் என்று சுற்றியது, ஒன்றும் வரவில்லை. சார் வெளியே எடுத்து உலோகத் தகட்டை நகர்த்தி, உள்ளே இருந்த கறுப்புத் தட்டைக் காட்டினார். கீறல் இல்லை, தூசி இல்லை. பளபளவென்றுதான் இருந்தது. இருந்தது அத்தனையும் அதிலிருந்து போய்விட்டது என்று சொன்னால் நம்பவே முடியாது. மறுபடி காப்பி கேட்க வெட்கமாக இருந்தது. கேட்கவில்லை.

ரொம்ப வருஷம் கழித்து, வேலை, கல்யாணம், குழந்தை எல்லாம் ஆன பிறகு, ஒரு ராத்திரி அவனைத் தேடினேன். கிடைத்தான். பழைய விளையாட்டை இன்றைய கம்ப்யூட்டரில் போட்டால் பல சமயம் ஓடவே ஓடாது. ஓடினாலும் கண்ணுக்குச் சிக்காத வேகத்தில் பறக்கும், ஏனென்றால் பழைய மெஷினின் நிதானத்தை நம்பி எழுதியவை அவை. இதற்காகவே டாஸ்பாக்ஸ் என்றொரு மென்பொருள் இருக்கிறது. புது மெஷினுக்குள் ஒரு பழைய மெஷினை நடிக்க வைக்கும். 2002-ல் நெதர்லாந்தைச் சேர்ந்த இரண்டு பேர் தொடங்கி வைத்தது, இலவசம். அதில் டேவைப் போட்டதும் அதே டிக் டிக் நடை. பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்த மகள் எழுந்துவிடக்கூடாதே என்று சத்தத்தைக் குறைத்து வைத்து, கோப்பையை எடுத்து, கதவுக்குள் போனேன். தாழ்வாரம் வந்தது. இன்னும் ஒன்பது பாக்கி.

இதையெல்லாம் செய்து வைத்தவர்களைப் பற்றித்தான் அன்றிலிருந்து நினைத்துக்கொண்டிருக்கிறேன். ஒவ்வொரு பழைய விளையாட்டுக்கும் எங்கேயாவது இரண்டு பேர், பத்துப் பேர் இருக்கிறார்கள். எந்தப் பதிப்பில் எந்தச் சுவர் நிறம் மாறியது என்பதுவரை குறித்து வைக்கிறார்கள். செய்தவர் விட்ட பிழையையும் திருத்தாமல் அப்படியே காக்கிறார்கள். இந்தக் கடைசிக் காரியம்தான் பெரிய காரியம் என்று எனக்குப் படுகிறது. கையில் கிடைத்ததைக் கொஞ்சம் சீராக்கி வைப்போமே என்று எல்லோருக்கும் கை அரிக்கும். பழைய ஓலை ஏடுகளைப் பெயர்த்து எழுதியவர்களிலும் நல்லவர்கள் அந்த அரிப்பை அடக்கியவர்கள். ஓலை எப்படியும் செல்லரித்துப் போகும். அதற்குள் யாராவது உட்கார்ந்து புது ஓலையில் எழுதினால்தான் பாட்டு பிழைக்கும். எழுதுகிறவர் பாடியவரும் இல்லை, ஓலைக்கு உரிமை கொண்டாடுகிறவரும் இல்லை. இடையில் வந்து ஒரு கை கொடுத்துவிட்டுப் போகிற ஆள்.

உரிமையுள்ளவர்கள் காப்பாற்ற மாட்டார்களா என்றால், பெரும்பாலும் மாட்டார்கள். அமெரிக்காவில் வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் என்ற அமைப்பு 2023-ல் ஒரு கணக்கு எடுத்தது. அந்த நாட்டில் 2010-க்கு முன் வெளிவந்த விளையாட்டுகளில் 87 விழுக்காடு அப்போது கடையில் காசு கொடுத்தும் வாங்க முடியாதவை. விற்காததைப் பாதுகாக்கப் பெரும்பாலான கம்பெனிகள் செலவு செய்வதில்லை. செய்தவரே தொலைத்த கதையும் உண்டு. 1989-ல் 'பிரின்ஸ் ஆஃப் பெர்சியா'வை எழுதிய ஜோர்டன் மெக்னருக்குத் தன் மூல நிரல் எங்கே போனது என்றே தெரியாமல் இருந்தது. 2012-ல் அவருடைய அப்பா வீட்டு அலமாரியில் ஒரு பெட்டியைத் திறந்தபோது பழைய டிஸ்க்குகள் கிடைத்தன. அதற்குள் இருபது வருஷத்துக்கு மேல் ஓடிவிட்டது. பழைய மெஷின்களைப் பழக்கி வைத்திருந்த ஆர்வலர்கள் வந்து, டிஸ்க்கிலிருந்து ஒவ்வொரு பிட்டாக மீட்டுக் கொடுத்தார்கள். அந்த அப்பாவை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். மகன் செய்தது இன்னதென்று பார்த்துப் பார்த்து எடுத்து வைத்தாரோ, சும்மா தூக்கிப் போடாமல் விட்டாரோ, எப்படியிருந்தாலும் அந்தப் பெட்டி அவர் வீட்டில் இருந்தது.

என் மனைவிக்கு இதில் அவ்வளவு ஈடுபாடு இல்லை. "யாரோ செஞ்சது, யாருக்கோ சொந்தம், நீங்க ஏன் ராத்திரி முழிச்சிருக்கீங்க?" என்று கேட்டாள். நியாயமான கேள்வி. எனக்குச் சொந்தமானதைக் காப்பாற்றுகிறபோது என்னைத்தான் காப்பாற்றுகிறேன். அதில் பயமும் கலந்திருக்கிறது. எனக்குச் சொந்தமே இல்லாத ஒன்றுக்காக ஒரு ராத்திரி விழித்தால் அங்கே பயம் இல்லை. அது என்னை என்ன செய்தது என்ற நினைப்பு மட்டும் இருக்கிறது. நன்றி என்று அதற்குப் பேர் வைக்கலாம். அவளிடம் இப்படியெல்லாம் சொல்ல வரவில்லை. "சும்மாதான்" என்றேன்.

போன சித்திரையில் ஊருக்குப் போயிருந்தோம். அப்பா வியாபாரத்தை விட்டு நாலு வருஷம் ஆகிறது. காலை வெயிலுக்கு முன்னால் மகளைக் கூட்டிக்கொண்டு ஊர் மந்தைக் கல் திண்ணைக்குப் போனவர் வெகுநேரம் திரும்பவில்லை. தேடிப் போனேன். திண்ணையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, கையில் கரித்துண்டோடு, கல்லில் ஏற்கெனவே இருந்த கோடுகள்மேல் மறுபடி கோடு இழுத்துக்கொண்டிருந்தார். ஆடு புலி ஆட்டக் கட்டம். உச்சியில் ஒரு புள்ளி, அதிலிருந்து கிளைத்து இறங்கும் கோடுகள், குறுக்கே வெட்டும் கோடுகள், 23 முனை. பாதி தேய்ந்து கண்ணுக்கே தெரியாமல் இருந்தது. அவர் விரலால் தடவித் தடவிப் பள்ளத்தைக் கண்டுபிடித்து, அதன்மேல் கரியை ஓட்டினார்.

"யார் தாத்தா இத மொதல்ல வரஞ்சது?" என்றாள் மகள்.

"தெரியலையே தாயி. எங்க தாத்தா காலத்துலயே கெடந்துச்சு."

மூன்று கூழாங்கல்லைப் புலியாக வைத்தார். மடியை அவிழ்த்துப் புளியங்கொட்டைகளைக் கொட்டினார். 15 ஆடு வேண்டும். பணத்தை எண்ணும் அதே விரலால் ஒவ்வொன்றாக நகர்த்தி இரண்டு தடவை எண்ணினார். பதினாலுதான் இருந்தது. என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"ஒண்ணு குறையுதுடா" என்றார்.

நான் குனிந்து ஒரு சின்னக் கல்லாகத் தேடத் தொடங்கினேன்.